நாணயக் கடிதம்

யோர்க் வீதியில் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் துறைமுகம்,
மூடினால் ஏசியின் இருமல்.
பதினொரு வருடமாய் என் மேசை அங்கேதான்,
இறக்குமதிப் பிரிவில்.
விற்பவனும் வாங்குபவனும் கப்பல்காரனும்
ஒருவரை ஒருவர் நம்பாதபோது
நடுவில் ஒரு தாளை வைப்பது என் வேலை.
அதற்கு நாணயக் கடிதம் என்று பெயர்.
யார் வைத்தார்களோ,
காசு என்றும் படிக்கலாம், நேர்மை என்றும் படிக்கலாம்.

பருப்பு, சீமெந்து, பால்மா, டயர்.
இவற்றின் கோப்புகளுக்கிடையில்
அமைச்சின் முத்திரையோடு பச்சை உறைகள் வரத் தொடங்கின,
பேச்சுவார்த்தை முறிந்த மாரியில்.
சரக்கின் விபரம் என்ற கட்டத்தில்
'இயந்திர உதிரிகள்' என்றிருக்கும்.
காப்புறுதியின் வீதம் வேறு கதை சொல்லும்.
பருப்புக்கு இவ்வளவு எவனும் கட்டமாட்டான்.

வைகாசியில்
குளிர்தேசம் ஒன்றின் நாடாளுமன்றத்தில்
எங்களுக்காக யாரோ அழுதார்கள்.
மறுநாள் தொலைநகல்: அனுமதி நிறுத்தம்.
பாதி வழி வந்த கப்பல் திரும்பிப் போனது.
நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவினேன்.
சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது.

ஒன்பது நாள்.

பத்தாம் நாள் வேறொரு தேசம்,
வேறொரு வங்கி, வேறு எழுத்துரு.
விலை நூற்றுக்குப் பதினெட்டுக் கூட.
ஆனால் இரண்டு வருடத் தவணை,
கேள்வி கிடையாது.
இதைக் கேள்விப்பட்ட மூன்றாம் தேசம்,
அவன் இங்கே கால் ஊன்றிவிடுவானே என்று
தானும் ஒரு விலை அனுப்பியது,
குறைத்து.
யாரோ அழுத அழுகை
ஏலக்காரன் மணிபோல் ஆயிற்று.

ஒவ்வொரு கோப்பிலும் ஒரு தாள் கட்டாயம்:
இறுதிப் பயனர் சான்றிதழ்.
இந்தப் பொருள் கடைசியில் யார் கைக்குப் போகும்?
ஒரு பிரிகேடியரின் கையெழுத்து.
மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பேன்.
வளைவு சரி, புள்ளி சரி.
விசுவமடுவில் என் சின்னம்மாவின் கூரைக்கும் போகும் அது,
அவளிடம் எவரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

பக்கத்து மேசை நிலூஷாவின் தம்பி
ஓமந்தைக்கு அப்பால் எங்கோ நிற்கிறான்.
"நல்ல சாமானா, அக்கே?" என்பாள்
பச்சை உறையைப் பார்த்து.
எந்தப் பக்கம் நின்று நல்லது என்பது?
மாலு பணிஸைப் பிய்த்துப் பாதி தருவாள்.
மை ஒற்றும் பெட்டி எங்களுக்கு ஒன்றுதான்.

மாலையில் ஆமர் வீதிச் சாவடியில்
பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள்.
மீசை அரும்பாத பையன்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.
பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதில்
அவன் கட்டைவிரல் நிற்கும்.
அவன் என் பெயரைப் படித்தான்.
அவன் துவக்கின் விலையை நான் படித்திருக்கிறேன்,
கப்பல் கூலியோடு.
அவனுக்கு அது தெரியாது.
அவன் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று
கணக்குப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
"யன்ன" என்றான். போனேன்.

மாசியில் குளிர்தேசம் திரும்பி வந்தது.
ஆயுதமல்ல.
'உயிர் கொல்லாப் பொருட்கள், தடைக்கு விலக்கு'
என்று மேலே சிவப்பில் அடித்திருந்தது.
கறுப்புப் பிளாஸ்டிக் உறைகள்,
நீர் புகாதவை, நெடுக்காக ஜிப்,
நாலாயிரம்.
மனிதாபிமானச் சலுகையில் நூற்றுக்கு ஐந்து கழிவு.

மூன்று தரம் பார்த்தேன், பிழை பிடிக்க.
ஆவணங்கள் ஒழுங்காயிருந்தன.

நிலூஷா கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
நீளம் ஆறரை அடி.

"மல்லி அவ்வளவு உயரமில்லை" என்றாள்.

பிறகு முத்திரையை எடுத்துத் தந்தாள்.